ரெண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் சந்தனப் பொட்டு

வாங்க, வாங்க, உக்காருங்க. அங்க ஃபேன் காத்து வராது, நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கங்க. நீங்க யாரு என்னன்னு தரகர் போன்லயே சொல்லிட்டாரு. கொமாரபாளையம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பையனுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. பொண்ணு நம்ம கோகிலவாணி. ஜாதகம் பொருந்திடுச்சு, பொண்ணையும் பார்த்துட்டுப் போயிட்டீங்க, எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு, இனிமே பூ வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதுக்கு முன்னாடி அவ வேலை பார்த்த இடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்திருக்கீங்க. சரிதானுங்களே. நல்ல காரியம் பண்ணீங்க. இந்தக் காலத்துல யாரு விசாரிக்கிறாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டேன். இந்த இளம்பிள்ளை ஊர்ல யாரை வேணா நிறுத்திக் கேளுங்க, இந்த அர்த்தநாரி வாயில இருந்து அடுத்தவங்க குறை வந்து கேட்டிருக்கீங்களான்னு. அதுவும் இது ஒரு பொம்பளப் பிள்ளை விஷயம். அப்பா இல்லாத பொண்ணு. அவங்க அம்மா பாவாயி என்கிட்டதான் சேலை மடிக்கிற வேலை. அந்தம்மா முகத்துக்காகத்தான் இவளை டிசைன் வரையற வேலைக்குச் சேர்த்தேன். காபி வரும், இருங்க.

நீங்க என்ன தொழில் பண்றீங்க? மளிகை. அப்ப உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உங்க கடையில ஒரு அரிசி மூட்டை போச்சுன்னா இன்னொரு மூட்டை இறக்கிடலாம். எங்க தொழில்ல சரக்குன்னா அது சேலை இல்லீங்க, டிசைன். பார்டர்ல மயில், முந்தியில கோபுரம், உடம்புல பூ, இது அத்தனையும் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரையணும். வரைஞ்ச ஃபைலை பென்டிரைவ்ல போட்டு, தறி மேல இருக்கற பெட்டியில சொருகினா, தறி அதைப் பார்த்து நெய்யும். ஃபைல் இருக்கற வரைக்கும் அந்தச் சேலையை எத்தனை வருஷம் வேணா நெய்யலாம். ஃபைல் போச்சுன்னா பழைய சேலையைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கைதான் பார்க்கணும்.

அதனாலயே இந்த ஊர்ல டிசைன் திருடறது தனியா ஒரு தொழில். நான் திங்கக்கிழமை ஒரு பார்டர் இறக்கினா, அந்த வாரத்துக்குள்ள அடுத்த தெருவுல அதே பார்டர் கலர் மாத்தித் தொங்கும். தறிக்காரன் பென்டிரைவைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போவான், திரும்பி வர்றதுக்குள்ள டிசைன் நாலு வீட்டுக்குப் போயிட்டு வந்துடும். நான் யாரையும் நம்பறதில்லை. டிசைன் ரூமுக்குள்ள யாரும் போன் கொண்டு போகக்கூடாது. இன்டர்நெட் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல, அதுவும் பார்ட்டிக்கு போட்டோ அனுப்பறதுக்கு.

வாணி நல்லா வரைவா. இல்லைன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்திடும். பெங்களூர்க் கடைக்காரங்க எல்லாம், அந்தப் பார்டர் போட்ட ஆள் யாருன்னு கேப்பாங்க. நான்தான்னு சொல்லுவேன். பொய் இல்லீங்க. யோசனை எல்லாம் என்னுது. மயில் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும் வாணின்னு சொல்லுவேன். அவ உக்காந்து ஒரு வாரம் வரைவா. யோசனைதானுங்களே பெருசு.

இப்படி இருக்கும்போது பக்கத்துல ஒருத்தருக்குக் கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து மொத்தமும் பூட்டிக்கிச்சு. அவரு டிசைன் அத்தனையும் காலி. எனக்கு வேண்டாதவருதான், அது வேற. அன்னையில இருந்து இவ ஆரம்பிச்சா. 'அண்ணா, நம்ம டிசைனுக்கு வெளியில ஒரு காப்பி இருக்கணும்ணா. இந்தக் கட்டடத்துக்கே வெளியில. கிளவுடுல போட்டு வச்சிட்டா இங்க என்ன ஆனாலும் எடுத்துக்கலாம்.' எல்லாரும் என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. முதலாளின்னு கூப்பிட விடமாட்டேன், எனக்கு அது பிடிக்காது. கிளவுடுன்னா என்னம்மான்னு கேட்டேன். எங்கயோ வேற ஊர்ல பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல நம்ம ஃபைலைப் பூட்டி வைப்பாங்களாம், மாசா மாசம் வாடகை கட்டணுமாம். பீரோ சாவியைக் கட்டின பொண்டாட்டிகிட்டயே கொடுக்காதவன் நான். முகம் தெரியாதவன்கிட்ட டிசைனைக் கொடுத்துட்டு அவனுக்கு வாடகையும் நான் கட்டணுமா. போயி வேலையைப் பாருன்னேன்.

விட்டாளா? விடலை. தினமும் வந்ததும் இதே பேச்சு. சரி தொலையுதுன்னு நானே இறங்கி வந்து ரெண்டு ஹார்டு டிஸ்க் வாங்கினேன். ஒண்ணு இங்க பீரோவுல. இன்னொண்ணு என் மச்சான் குருநாதன் வீட்டுல, நாலு தெரு தள்ளி. சனிக்கிழமை ஆனா அவன் கொண்டு வருவான், இவ புது டிசைனை அதுல ஏத்திக் கொடுப்பா, அவன் திருப்பிக் கொண்டு போவான். கட்டடத்துக்கு வெளியில வைக்கச் சொன்னா, வச்சாச்சு. அப்பவும் அவ மூஞ்சி சரியில்லை. அந்த மூஞ்சியைப் பார்த்தே நான் உஷாராயிருக்கணும்.

காபி எடுத்துக்கங்க. சக்கரை போதுமா?

ஆயுத பூஜை வந்துச்சு. நீங்க தராசை வச்சுக் கும்பிடுவீங்க இல்லீங்களா. எங்களுக்கு ஆயுதம்னா கம்ப்யூட்டர், மவுஸ், பென்டிரைவ், கத்திரிக்கோல், அளவு டேப்பு. எல்லாத்தையும் டிசைன் ரூம்ல கழுவித் துடைச்சு அடுக்கி, பொட்டு வச்சு, பூ சாத்தி, பொரி கடலை படைச்சு சாயங்காலம் கும்பிட்டோம்னா, மறுநாள் காலையில மறுபூஜை முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. தறியில சொருகியிருக்கற பென்டிரைவைக்கூட பிடுங்கிட்டு வந்து வச்சிடுவோம். எங்க வீட்டு வழக்கம் அது. ஒரு சாமானை விட்டாலும் அது குறை.

அதனால மச்சானுக்குப் போன் போட்டு, அவன் வீட்டுல இருக்கற ஹார்டு டிஸ்க்கையும் கொண்டாடான்னு சொன்னேன். ரெண்டும் ஒரே தொழில்தானே பண்ணுது, ஒண்ணுக்குப் பொட்டு வச்சு ஒண்ணை விட முடியுமா. வாணி குறுக்க வந்தா. 'அண்ணா, அது அங்கயே இருக்கட்டும்ணா. ரெண்டையும் ஒரே இடத்துல வச்சா அப்புறம் ரெண்டு எதுக்கு. வேணும்னா நான் போயி அங்கயே பொட்டு வச்சிட்டு வர்றேன்.' தறிக்காரங்க, மடிப்புக்காரங்க எல்லார் முன்னாடியும் சொல்றா. எனக்குச் சுருக்குன்னு ஏறிச்சு. சரஸ்வதிக்கே நீ புத்தி சொல்லுவியா வாணின்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க அம்மாவும் சிரிச்சா, நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்ல.

ரெண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பட்டுத் துணி போர்த்தி, பக்கத்துல குத்துவிளக்கு. அழகா இருந்துச்சுங்க. கிளம்பும்போது மறுபடியும் வந்தா. விளக்கை அணைச்சிட்டுப் பூட்டலாம்ணாங்கறா. பூஜை விளக்கை அணைக்கச் சொல்ற பொண்ணு. உங்க வீட்டுக்கு மருமகளா வரப்போறவ, இதையும் ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்கங்க.

எலிங்க. எலி வந்து எண்ணெய்த் திரியை இழுத்துட்டுப் போயிருக்கு. எலி பண்ணின வேலைக்கு நான் என்ன பண்ண முடியும். காலையில மறுபூஜைக்கு வந்து கதவைத் திறந்தா டிசைன் ரூம் முழுக்கக் கரி. கம்ப்யூட்டர் எல்லாம் உருகித் தொங்குது. ரெண்டு ஹார்டு டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. பின்னாடி தறிக்கூடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எல்லாத் தறியும் முழுசா நிக்குது, நெய்யறதுக்கு டிசைன்தான் இல்லை. தீபாவளிச் சரக்கு போயாகணும். நான் வாசப்படியில உக்காந்து அழுதேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், தெருவே நின்னு பார்க்க அழுதேன்.

அப்பதான் வாணி வந்து பக்கத்துல குந்தினா. 'அண்ணா, அழாதீங்க. எல்லாம் இருக்கு'ன்னா. என்னம்மா இருக்குன்னேன். 'டிசைன் எல்லாம் இருக்குண்ணா. நான் கிளவுடுல போட்டு வச்சிருக்கேன். பூஜைக்கு எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடிகூட அனுப்பிட்டேன். ஒண்ணுகூடப் போகலை.' அவ பேர்ல கணக்கு. அவ சம்பளத்துல வாடகை. போட்டோ அனுப்பற கம்ப்யூட்டர்ல இருந்து தினமும் சாயங்காலம் அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிருக்கா. மச்சான் அன்னைக்கே சேலம் போயி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தான். அவ உக்காந்து அவ பேரைப் போட்டு, அவ ரகசிய எண்ணைப் போட்டுத் திறந்தா. வரிசையா வந்து நிக்குதுங்க. மயில், கோபுரம், எங்க அப்பா காலத்துல ஓட்டை போட்டுத் தறியில மாட்டின அட்டையில இருந்து கம்ப்யூட்டருக்கு மாத்தின பழைய டிசைன்கூட. சாயங்காலமே தறி ஓடுது.

நான் சந்தோஷப்பட்டிருப்பேன்னு நினைப்பீங்க. பட்டேன், இல்லைன்னு சொல்லலை. கொஞ்ச நேரம் பட்டேன். அப்புறம் வீட்டுல போயி சோத்துல கை வைக்கிறேன், உள்ள இறங்க மாட்டேங்குது. என் டிசைன் அத்தனையும் இவ கையில இருந்திருக்கு. எத்தனை நாளா? கேட்டேன். மூணு வருஷமாண்ணான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. மூணு வருஷமா நான் பீரோவைப் பூட்டிப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறேன், சரக்கு அவ போன்ல இருக்குது. நீங்களே சொல்லுங்க, யாராவது சொந்தக் காசைப் போட்டு அடுத்தவன் சொத்தைப் பத்திரப்படுத்துவாங்களா? சும்மா பண்ணுவாங்களா? என்ன திட்டம் வச்சிருந்தா?

யாருக்கும் கொடுக்கலையான்னு கேக்கறீங்க. கொடுத்ததா ஒண்ணும் தெரியலை. நானும் தேடித் தேடிப் பார்த்தேன், எந்தக் கடையிலயும் தொங்கலை. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

ஆனா நான் அவசரக்காரன் இல்லை. தீபாவளிச் சரக்கு போகட்டும்னு இருந்தேன். போச்சு. போனஸ் கொடுத்தேன், அவளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கூடவே கொடுத்தேன். அதுக்கப்புறம் பொங்கல் ஆர்டர் வந்துச்சு. அதுவும் போகட்டும்னு இருந்தேன். நடுவுல அவ வந்து வந்து நிப்பா. 'அண்ணா, எல்லாம் என் கணக்குல இருந்துதான் ஓடுது. உங்க பேர்ல ஒரு கணக்கு எடுங்க, எல்லாத்தையும் அதுக்கு மாத்திடறேன். ரெண்டு ஹார்டு டிஸ்க்கும் வாங்கிடுங்க.' ஆகட்டும் பார்க்கலாம்னேன். வாங்கக் கூடாதுன்னு இல்லை. எரிஞ்சுபோன இடத்துல புதுசா வாங்கறதுன்னா நாள் பார்க்கணும். நாள் பார்க்கறதுக்குள்ள மார்கழி வந்துடுச்சு. மார்கழியில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. தை பொறக்கட்டும்னு விட்டேன்.

பொங்கல் லாரி கிளம்பிப் போன மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். மார்கழிதான், ஆனா இது ஆரம்பிக்கறது இல்லையே, முடிச்சு வைக்கிறது.

ஜெயிலுக்கு அனுப்பணும்னு எனக்கு எண்ணம் இல்லீங்க. அவ்வளவு கெட்டவன் இல்லை நான். ஒரு பயம் இருக்கணும், அவ்வளவுதான். எஸ்.ஐ. சின்ன வயசு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, 'ஏண்ணா, அந்தப் பொண்ணுதானே உங்க தொழிலைக் காப்பாத்தியிருக்கு'ங்கறாரு. நான் கேட்டேன். சார், உங்க வீட்டுக்குள்ள பூந்து ஒருத்தன் நகையை எடுத்துட்டுப் போயி மூணு வருஷம் வச்சிருக்கான். உங்க வீடு எரிஞ்சுபோனதும் இந்தாங்கன்னு நகையைக் கொண்டாந்து நீட்டறான். அவன் திருடனா இல்லையா? சரி சரி, கூப்பிட்டு விடறேன்னாரு.

பகல்லதான் வரச் சொன்னாங்க. பொம்பளப் பிள்ளை இல்லையா, நானே பகல்ல வரச் சொல்லுங்கன்னு சொன்னேன். அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. என்னைப் பார்த்ததும் வாணிக்கு நிம்மதியாயிடுச்சு. அவளுக்காகப் பேச வந்திருக்கேன்னு நினைச்சுட்டா போல. அண்ணா, என்னாச்சுண்ணா, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு என்கிட்ட வந்து நிக்கிறா. எஸ்.ஐ. விஷயத்தைச் சொன்னாரு. அவ அவரைப் பார்க்கலை, என்னையே பார்த்தா. பாவாயி நேரா என் கால்ல விழுந்துட்டா. 'அண்ணா, எம் பொண்ணு திருடி இல்லைங்கண்ணா, உங்க உப்பைத் தின்னவங்கண்ணா நாங்க'ன்னு ஒரே சத்தம். நான் தூக்கி விட்டேன். நான் இல்லை, அங்க இருந்த லேடி போலீஸ். நான் காலை நகத்திக்கிட்டேன்.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார், என் டிசைன் அவகிட்ட இருக்கக்கூடாது, இங்கயே என் கண்ணு முன்னாடி அழிக்கணும், அந்தக் கணக்கையே மூடணும், அது போதும், கேஸ் வேண்டாம்னேன். பெரிய மனசுதானுங்களே? எஸ்.ஐ.யே ஆச்சரியமாப் பார்த்தாரு. போனை எடும்மான்னாரு. எடுத்தா. 'எல்லாத்தையுமாண்ணா'ன்னு கேட்டா. எல்லாத்தையும்னேன். 'அண்ணா, ஆபீஸ்ல இருக்கறது'ன்னு என்னமோ ஆரம்பிச்சா. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். வாயைத் திறக்கக் கூடாது, இனிமே உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தா கேஸ்தான்னேன். எஸ்.ஐ. அண்ணா சொல்ற மாதிரி பண்ணிடும்மா, உனக்கு எதுக்கு வம்புன்னாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா அழிச்சா. அழிச்சதைப் போட்டு வைக்கிற தொட்டின்னு ஒண்ணு இருக்காம், அதையும் காலி பண்ணச் சொன்னேன். எனக்கும் கொஞ்சம் தெரியுமுங்க. பண்ணினா. கடைசியா கணக்கை மூடினா. மூடறப்போ போன் ஒரு கேள்வி கேட்டுச்சு, இதைத் திரும்ப எடுக்க முடியாது, பரவாயில்லையான்னு. போனை என்கிட்ட நீட்டினா. நான்தான் ஆமாங்கற இடத்துல விரலை வச்சேன். அப்ப மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. அழலை. கும்பிட்டுட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

எனக்கு உடம்பே லேசாயிடுச்சு. கோயிலுக்குப் போயி அர்ச்சனை பண்ணிட்டு ஆபீசுக்கு வந்தேன். புதுக் கம்ப்யூட்டரைத் திறந்தா ஒண்ணும் இல்லை. சுத்தமா ஒண்ணும் இல்லை. ரகசிய எண்ணைப் போடுங்குது. சேலத்துல இருந்து கம்ப்யூட்டர்காரனை வரவழைச்சேன். அவன் பார்த்துட்டுச் சொல்றான், டிசைன் இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்ததே இல்லைங்கண்ணா, இங்க தெரிஞ்சது வெறும் பேருதான், ஃபைல் எல்லாம் அந்தப் பொண்ணோட கிளவுடுலதான் இருந்துச்சு, இங்க திறக்கும்போது அங்க இருந்துதான் வந்துச்சு, அங்க அழிச்சா இங்கயும் அவ்வளவுதான்னு. திரும்ப எடுக்க வழி இருக்கான்னா, அழிச்சு, தொட்டியையும் காலி பண்ணி, கணக்கையும் மூடிட்டா எப்படிண்ணா, யாரு இப்படிப் பண்ணினதுன்னு கேக்கறான். என்னத்தைச் சொல்ல. தறியில சொருகியிருந்த பென்டிரைவ்ல ஓடிக்கிட்டு இருந்த டிசைன் மட்டும் மிச்சம். அதை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் ஓட்டறேன். பாதித் தறி நிக்குது. உள்ள வரும்போதே கவனிச்சிருப்பீங்க, தறிச் சத்தம் அவ்வளவா இல்லைன்னு.

இப்பச் சொல்லுங்க, இது துரோகமா இல்லையா. அவளுக்குத் தெரியும்ல? அழிச்சா எனக்கும் போயிடும்னு தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாயைத் திறக்காதேன்னு நான்தான் சொன்னேன், அது வாஸ்தவம். ஆனா அது கோவத்துல சொல்றது. ஒரு மனுஷன் கோவத்துல சொன்னா அதையே பிடிச்சுக்கறதா? இத்தனை வருஷம் அண்ணா அண்ணான்னு கூப்பிட்டவ, ஒரு அண்ணனுக்காக ஒரு வார்த்தை மீறிப் பேசியிருக்கக் கூடாதா? திட்டுறதைத் தாங்கிக்கிட்டு நல்லது பண்றவதானே, அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?

அப்பவும் நான் விட்டுக் கொடுத்துத்தான் போனேன். நானே அவங்க வீட்டுக்குப் போனேன். நான். போயி, நடந்தது நடந்து போச்சு, பழசெல்லாம் உன் கைக்கு ஞாபகம் இருக்கும், பழைய சேலை ஒண்ணு ஒண்ணா கொடுக்கறேன், பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைஞ்சு கொடுத்துடு, உன் மேல எனக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னேன். என்ன சொன்னா தெரியுமா? 'ஞாபகம் வச்சிருந்தா அதுவும் திருட்டுத்தானே அண்ணா, அழிச்சிட்டேன்'ங்கறா. திமிரு. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இருக்கக் கூடாத திமிரு. அவங்க அம்மா குனிஞ்ச தலை நிமிராம நிக்கிறா, பொண்ணு இப்படிப் பேசுது.

இப்ப வேலை இல்லாம வீட்டுலதான் இருக்கான்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. வேலை பிடிக்கலை, விட்டுட்டான்னு சொல்லியிருப்பாங்க. அப்படித்தான் சொன்னாங்களா? ம். வேற இடத்துல சேர்றதுக்குப் போனா, போகலைன்னு இல்லை. அவங்க என்னைக் கேட்டாங்க. நான் யாரைப் பத்தியும் தப்பாப் பேசறவன் இல்லை. ஸ்டேஷன்ல விசாரணை நடந்துச்சுன்னு மட்டும் சொன்னேன். நடந்ததைத்தானே சொன்னேன். அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம்.

என்னங்க, காபியை அப்படியே வச்சிட்டீங்க. ஆறிப்போச்சு, வேற கொண்டு வரச் சொல்லவா? முகமெல்லாம் மாறிப்போச்சு உங்களுக்கு. ஸ்டேஷன் விஷயம் உங்களுக்குத் தெரியாதா? அடடா. தரகர் சொல்லலையா. நான் சொல்லியிருக்கக் கூடாதோ. ஆனா நீங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி விசாரிக்க வந்திருக்கீங்க, மறைச்சா நாளைக்குப் பாவம் எனக்கு. கேஸ் இல்லைங்க, கேஸ் இல்லை. வெறும் விசாரணைதான். அதுலயும் அவ குத்தம்னு யாரும் எழுதலை. பொண்ணு நல்ல பொண்ணு. குணம், நடத்தை, ஒரு குறை சொல்ல முடியாது. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறின பொண்ணு, அது ஒண்ணுதான். உங்க சொந்தக்காரங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு நீங்கதான் யோசிக்கணும். என் பையனுக்குப் பார்ப்பேனான்னு கேட்டீங்கன்னா, கேக்காதீங்க, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.

இல்லீங்க, எனக்கு என்ன லாபம். கல்யாணம் நின்னா எனக்கு என்ன வந்துடப் போவுது. நீங்க அப்படிக் கேக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அவ நல்லா இருக்கணும்னுதான் நான் நினைக்கிறேன். ஓசூருக்குப் போயிட்டான்னா இங்க வரையறதுக்கு ஆள் இல்லை, அது உண்மைதான். எத்தனையோ பேரை வச்சுப் பார்த்தேன், அந்த மயிலைத் திரும்ப ஒருத்தனாலயும் கொண்டு வர முடியலை. கோழி மாதிரி வருது. ஆனா அதுக்காக ஒரு பொண்ணோட வாழ்க்கையில நான் குறுக்க நிப்பேனா? வீட்டுல எத்தனை நாளைக்குத்தான் சும்மா உக்காந்திருப்பா, கொஞ்ச நாள் போனா அவளுக்கே புத்தி வரும்னு இருக்கேன், அவ்வளவுதான்.

இப்ப நானும் கிளவுடு எடுத்துட்டேங்க. என் பேர்ல, காசு கட்டி. அவ சொன்ன மாதிரியே தினமும் சாயங்காலம் தானா அனுப்பிக்குமாம், வேற ஊர்ல பத்திரமா இருக்குமாம். அனுப்பி வைக்கத்தான் ஒண்ணும் இல்லை.

கிளம்பிட்டீங்களா? இருங்க, ஒரு உதவி. எப்படியும் இங்க இருந்து நேரா அவங்க வீட்டுக்குத்தான் போவீங்க, வேண்டாம்னு சொல்றதுக்கு. கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க, பாவாயிக்கு நெஞ்சு பலவீனம். நான் சொன்னதா சொன்னாலும் பரவாயில்லை, எனக்கு மறைக்க ஒண்ணும் இல்லை. சொல்லிட்டு, வாணிகிட்ட இதையும் சொல்லிடுங்க. அவளுக்குன்னு புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கேன், பெரிய திரை, இன்னும் பிரிக்கக்கூட இல்லை, எப்ப வேணாலும் வரலாம்னு அண்ணன் சொல்லச் சொன்னாருன்னு. போன மாசம் ராசிபுரத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தவர்கிட்டயும் இதையேதான் சொல்லி அனுப்பினேன்.